100 மி.லி. எண்ணெய் 100 கிராம் இராது: ஒரு மசாஜ் எண்ணெய் ஆர்டரில் நான் பட்ட பாடு

எண்ணெயைச் செக்கில் கிலோக் கணக்கில் வாங்கி, குறிப்பேட்டில் சதவீதக் கணக்கில் கலந்து, கடைசியில் மில்லிலிட்டர் கணக்கில் பாட்டிலில் அடைத்து விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் மசாஜ் எண்ணெயும் செய்யக் கற்றுக்கொடுத்த வகுப்பில் மூலிகைகளைப் பற்றிச் சொன்னார்கள், லேபிளைப் பற்றிச் சொன்னார்கள், பாட்டிலை எப்படிப் படம் எடுத்தால் விற்கும் என்பதைப் பற்றிக்கூட விரிவாகச் சொன்னார்கள். எடைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், அளவில் குறைத்து அனுப்புகிறவள் என்று ஒருவர் என்னை முகத்துக்கு நேரே சொன்னபோது, என் பக்கம் தவறில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தும் அதை நிறுவ ஒரு சொல்லும் வராமல் நின்றேன். அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலையைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறேன். அழகுசாதன விதிகள், 2020 கேட்கிற உற்பத்தி உரிமத்தை அலைந்து திரிந்து பெற்றுவிட்டு, சிறிய அளவில் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 2025 கோடையில், புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டியுள்ள ஒரு தங்கும் விடுதியிலிருந்து, தங்கள் மசாஜ் அறைக்கும் விருந்தினர்களுக்கு விற்பதற்கும் 100 மி.லி. பாட்டில்கள் 200 வேண்டும் என்று கேட்டார்கள். பாட்டிலுக்கு 180 ரூபாய் வீதம் 36,000 ரூபாய். முன்பணம் இல்லை, சரக்கைச் சரிபார்த்த பிறகே பணம் என்பது அவர்களுடைய நிபந்தனை. தேங்காய் எண்ணெய் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த நேரம் என்பதால், கையில் இருந்ததோடு நகைக்கடனும் சேர்த்துத்தான் சரக்கு வாங்கினேன். கலவை எளியது: எடையில் பாதி நல்லெண்ணெய், கால் பங்கு தேங்காய் எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு பாதாம் எண்ணெய், நான்கு சதவீதம் விளக்கெண்ணெய், ஒரு சதவீதம் லாவெண்டர் தைலம். பாட்டில்களில் 100 மி.லி. கோடு வரை அளந்து ஊற்றி, மூடி, பெட்டியில் அடுக்கி, வாடகை வண்டியில் கன்னியக்கோயில் வழியாக நானே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் தொலைபேசி வந்தது. நேரில் போனபோது, ஸ்டோர் பொறுப்பில் இருந்த இளைஞர், சமையலறையில் மாவும் சர்க்கரையும் நிறுக்கிற டிஜிட்டல் தராசை மேசைமேல் வைத்திருந்தார். காலிப் பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கினார். பிறகு என் பாட்டிலில் இருந்த எண்ணெயை அதில் ஊற்றினார். தராசின் ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தி, கிராம் என்று காட்டியதை மில்லிலிட்டராக மாற்றினார். திரையில் 92 மி.லி. என்று வந்தது. அடுத்ததிலும் அதே எண்தான், அதற்கடுத்ததில் 91. “அக்கா, லேபிளில் நூறு என்று அச்சடித்திருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் எட்டு, ஒன்பது மில்லி குறைகிறதே” என்றார். நான் கோட்டைக் காட்டினேன். “கோடு பாட்டில்காரன் போட்டது அக்கா, தராசு பொய் சொல்லாது” என்று சொல்லிவிட்டார். மேலாளர் வந்தார், எடையளவுத் துறைக்கு எழுதினால் உங்கள் உரிமம் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். மிரட்டலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் என் கால் நடுங்கியது உண்மை. எத்தனை முறை யோசித்தாலும், அளந்துதான் ஊற்றினேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு வாதமே இல்லை. எதிரில் இருந்ததோ எண் காட்டும் ஒரு கருவி.

ஒன்று, சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது தராசு 100 காட்டும் வரை ஒவ்வொரு பாட்டிலிலும் எண்ணெய் சேர்த்துத் தர வேண்டும் என்றார்கள். கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதற்குச் சம்மதித்தேன். 200 பாட்டில்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.7 கிலோ எண்ணெய் கூடுதலாகப் போயிற்று. கிலோவுக்கு 565 ரூபாய் அடக்கம் என்று பார்த்தால் 960 ரூபாய். இதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். 100 மி.லி. என்று விற்கப்படும் பாட்டிலின் வாய் வரை நிரப்பினால் பொதுவாக அதைவிடச் சற்று அதிகம் பிடிக்கும். அந்த மேல் வெற்றிடம் வீணுக்காக விடப்பட்டதன்று, எண்ணெய் சூட்டில் விரிவதற்காக விடப்பட்டது. 100 கிராம் எண்ணெய் ஏறத்தாழ 109 மி.லி. இடத்தை அடைக்கும் என்பதால், நான் வாங்கியிருந்த பாட்டில்களில் கழுத்து வரை ஏறி வெற்றிடமே இல்லாமல் போயிற்று. அக்கினி நட்சத்திர வெயிலில், ஜன்னலோரம் அடுக்கி வைத்த பெட்டிகளில் எண்ணெய் விரிந்து மூடி வழியாகக் கசிந்தது. 60 பாட்டில்களில் லேபிள் எண்ணெய்யில் ஊறி எழுத்து மங்கிவிட்டது. கீழ்த் தட்டில் இருந்த அவர்களுடைய துண்டுகளும் கறைபட்டன.

செலவுக் கணக்கு இப்படி ஆயிற்று: சேர்த்து ஊற்றிய எண்ணெய் 960, புதுப் பாட்டில்கள் 840, குறைந்தபட்ச எண்ணிக்கைக்குத்தான் அச்சடிப்போம் என்று சொன்னதால் லேபிளுக்கு 1,500, அட்டைப்பெட்டி 900, வண்டிக்கும் பேருந்துக்கும் 1,600, துண்டுகளுக்காக அவர்கள் பிடித்துக்கொண்டது 2,500. ஆக 8,300 ரூபாய். அந்த ஆர்டரில் எனக்கு நிற்க வேண்டிய லாபத்தில் பாதிக்குமேல் இது. நகைக்கடனின் வட்டியை இதில் சேர்க்கவில்லை. பணத்தைவிட மனத்தை அரித்தது வேறு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், அப்போதே வேண்டாம் என்றோமே என்பார்கள். நான் கொள்முதல் செய்யும் செக்குக்காரரிடம் கேட்டபோது, “கிலோவும் லிட்டரும் ஒன்றாகாதும்மா, கொஞ்சம் வித்தியாசம் வரும்” என்று சொன்னாரே தவிர, எவ்வளவு, ஏன், அதை எப்படிக் காட்டுவது என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை.

விடை என் சமையலறையிலேயே இருந்தது. ஒரு நாள் சூரியகாந்தி எண்ணெய் உறையை வெட்டும்போது, அதன்மேல் 1 லிட்டர் என்றும் அதற்குப் பக்கத்தில் 910 கிராம் என்றும் அச்சாகியிருந்ததைப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் கையில் எடுத்த உறை. அந்த இரண்டாவது எண்ணை ஒருபோதும் படித்ததில்லை. ஒரு லிட்டர் 910 கிராம் என்றால் 100 மி.லி. 91 கிராம். விடுதியின் தராசு காட்டிய எண்ணும் ஏறத்தாழ அதுவே! அன்றே என் வீட்டுத் தராசில் அதே 100 மி.லி. கோடு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்: கிட்டத்தட்ட 100 கிராம். அதே பாட்டிலைத் துடைத்துக் காயவைத்து அதே கோடு வரை என் எண்ணெயை ஊற்றி நிறுத்தேன்: 91.5 கிராம். கோடு பொய் சொல்லவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அந்த மில்லிலிட்டர் பொத்தான்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட தராசு இப்போது பல வீடுகளில் இருக்கிறது. தராசு எதுவானாலும் அதற்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். தன்மேல் வைத்த பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை அது அறியாது. மில்லிலிட்டர் பொத்தானை அழுத்தும்போது, மேலே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராக எழுதிக் காட்டுகிறது. சில தராசுகளில் பாலுக்கு ஒரு தனிப் பொத்தானும் இருக்கும். தண்ணீருக்கு இந்தக் கணக்கு சரி. எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, அதாவது அதே இடத்தில் அது எடை குறைவு. ஆகவே எண்ணெய்க்கு இந்தக் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். கிளிசரினை வைத்துப் பாருங்கள், மி.லி.க்கு 1.26 கிராம் என்பதால் அது கூட்டிக் காட்டும், 100 மி.லி. கிளிசரினை அந்தத் தராசு 126 மி.லி. என்று சொல்லும். வாங்குகிறவர் அப்போது மட்டும் புகார் சொல்லமாட்டார்.

ஒரு மில்லிலிட்டர் எத்தனை கிராம் என்பதே அடர்த்தி. நம் ஊர் அறை வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸ் அளவில், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் ஆகிய மூன்றும் மி.லி.க்கு ஏறத்தாழ 0.91 முதல் 0.92 கிராம் வரை இருக்கும். விளக்கெண்ணெய் இவற்றைவிடக் கனமானது, 0.95-க்கு மேல். ஜோஜோபா எண்ணெய் இலேசானது, 0.86 அளவில் நிற்கும். வாசனைத் தைலங்களில் வேறுபாடு இன்னும் அதிகம்: எலுமிச்சைத் தோல் தைலம் 0.85 அளவு, லாவெண்டர் 0.88 அளவு, கிராம்புத் தைலமோ தண்ணீரையே மிஞ்சி 1.04-ஐத் தாண்டும். எடையை அடர்த்தியால் வகுத்தால் கொள்ளளவு வரும். கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை வரும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குள் படித்துவிடுகிற கணக்குத்தான் இது. பரீட்சைக்குப் பிறகு அதை எங்கே வைத்தோம் என்று நமக்கு நினைவிருப்பதில்லை.

புத்தகத்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அனுபவம். செக்கு, விதை, வடிகட்டிய விதம் ஆகியவற்றைப் பொறுத்து மூன்றாம் தசமத்தில் சிறு மாற்றம் இருக்கும். அதைவிட முக்கியமாக, எதிரில் இருப்பவரிடம் நீங்கள் காட்டப்போவது உங்கள் எண்ணெயை. புதுச்சேரியில் பள்ளி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் ஒரு கடையில் 100 மி.லி. கண்ணாடி அளவுஜாடி ஒன்று வாங்கினேன். நான் விற்கும் ஒரு பாட்டிலின் விலையில் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆயிற்று. காய்ந்த ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, எண்ணெயை உள்சுவரில் வழியாமல் மெல்ல ஊற்றி, குமிழ் அடங்கும் வரை சற்றுப் பொறுத்து, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக இறக்கி, மேற்பரப்பில் தெரியும் வளைவின் அடிப்பாகம் 100 கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்துப் பிறகு நிறுக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்று, இரண்டு மில்லி தவறிப்போகும். தண்ணீருக்குப் பிறகு எண்ணெய் அளப்பதாயின் ஜாடி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். அன்றைய வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணெயைச் சில முறை நிறுத்துச் சராசரி எடுத்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். அரை கிராம் காட்டும் தராசு அடிப்படை எண்ணெய்களுக்குப் போதும், தைலங்களுக்கு 0.01 கிராம் காட்டும் சிறு தராசு தேவை.

கலவைக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். எல்லா அடர்த்திகளையும் கூட்டி ஐந்தால் வகுப்பது தவறு. ஒவ்வோர் எண்ணெயின் எடையையும் அதனதன் அடர்த்தியால் வகுத்து, கிடைக்கும் கொள்ளளவுகளைக் கூட்ட வேண்டும். என் கலவையில் 1,000 கிராமுக்கு: நல்லெண்ணெய் 500 கிராமை 0.914-ஆல் வகுக்க 547 மி.லி.; தேங்காய் எண்ணெய் 250 கிராமை 0.916-ஆல் வகுக்க 273. பாதாம் 200 கிராமை 0.911-ஆல் வகுக்க 219.5, விளக்கெண்ணெய் 40 கிராமை 0.954-ஆல் வகுக்க 42. லாவெண்டர் 10 கிராமை 0.88-ஆல் வகுக்க 11.4. கூட்டினால் ஏறத்தாழ 1,093 மி.லி. ஆயிரம் கிராமை 1,093-ஆல் வகுத்தால் 0.915. அதாவது 100 மி.லி. பாட்டிலில் 91.5 கிராம் இருப்பதே சரியான அளவு. 200 பாட்டிலுக்கு 20 லிட்டர், எடையில் 18.3 கிலோ. தாளில் போட்ட கணக்கும் தராசில் கண்ட எண்ணும் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோது, அத்தனை நாளாகத் தொண்டையில் நின்றது இறங்கியது. பிறகு கோபம் வந்தது.

வெப்பநிலை எவ்வளவு முக்கியம் என்பதையும் அந்த வாரத்தில்தான் உணர்ந்தேன். தாவர எண்ணெய் ஒரு டிகிரி ஏறினால் கொள்ளளவில் ஏறத்தாழ 0.07 சதவீதத்துக்குச் சற்று மேல் விரிகிறது. 33 டிகிரி இருக்கும் என் வேலைக்கூடத்தில் கோடு வரை ஊற்றியது, 23 டிகிரி குளிரூட்டிய அறையில் முக்கால் மில்லி இறங்கி நிற்கும்; எடை மாறாது, மட்டம் மாறும். இது அற்பமான செய்தி அன்று. சமையல் எண்ணெய் தயாரிப்பாளர்களில் சிலர் உறையில் 60 டிகிரி வெப்பத்தில் இத்தனை லிட்டர் என்று குறித்து, அதனால் உள்ளே எடை குறைவாக இருந்ததைக் கவனித்துத்தான், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை எழுத வேண்டும், கொள்ளளவோடு எடையும் பொருந்தியிருக்க வேண்டும் என்று அறிவுறுத்தி, லேபிள்களைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று அத்துறையே எடுத்துக்காட்டியது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த அறிவுரை வேண்டியிருந்தது என்று அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

அளவுஜாடி, தண்ணீர்ப் பாட்டில், வெட்டிய எண்ணெய் உறை ஆகிய மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போனேன். அவர்களுடைய தராசையே கேட்டு வாங்கி, முதலில் கிராமில் வைக்கச் சொன்னேன். ஒரே காலிப் பாட்டிலில் ஒரே கோடு வரை முதலில் தண்ணீர், பிறகு துடைத்து எண்ணெய். தண்ணீர் 100, எண்ணெய் 92. “தம்பி, கோடு மாறவில்லை, பாட்டில் மாறவில்லை; இதில் எது குறைந்தது, நீங்களே சொல்லுங்கள்” என்றேன். அவர் உறையை வாங்கி இரண்டு எண்களையும் படித்துவிட்டு, தங்கள் சமையலறையிலிருந்து வேறொரு நிறுவனத்தின் உறையை எடுத்துவரச் சொன்னார். அதிலும் அப்படியே இருந்தது. மேலாளர் அன்று வெளியூரில் இருந்தார். பில் தொகை அடுத்த வாரம் வந்தது. துண்டுகளுக்குப் பிடித்த 2,500 ரூபாயும், கூடுதலாக ஊற்றிய எண்ணெயும் திரும்பி வரவில்லை. கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள், அவ்வளவுதான். ஸ்டோர் இளைஞர் மட்டும் படி வரை வந்து, “தராசிலேயே மில்லி என்று போட்டிருந்ததே அக்கா, நான் என்ன செய்ய” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரியாததை அவர் மட்டும் எப்படி அறிந்திருப்பார்?

சட்டம் யார் பக்கம் என்பதையும் பின்னர் படித்துக்கொண்டேன். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011 படி, திரவமாக விற்கப்படும் பொருளுக்குக் கொள்ளளவையே நிகர அளவாக எழுத வேண்டும்; கெட்டியானது, பிசுபிசுப்பானது என்றால் எடை. 100 மி.லி. பொட்டலத்தில் தனியொன்றுக்கு அனுமதிக்கப்படும் குறைவு 4.5 மி.லி.; ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி எழுதிய அளவுக்குக் கீழே போகக் கூடாது. இப்போது நான் கோட்டை நம்பி ஊற்றுவதில்லை. தராசில் 92 கிராம் வரை நிறுத்து அடைக்கிறேன். 30 டிகிரியில் அது 100.5 மி.லி.; குளிரூட்டிய அறைக்குப் போனாலும் 100-ஐ ஒட்டி நிற்கும், கழுத்தில் வெற்றிடமும் மிஞ்சும். வணிகத்துக்குப் பயன்படும் தராசு முத்திரை ஆய்வாளரிடம் ஆண்டுதோறும் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், சமையலறைத் தராசைக் கைவிட்டு முத்திரையிட்ட தராசுக்கு மாறிக்கொண்டேன்.

கொள்முதலிலும் இதே கணக்கு கைகொடுக்கிறது. ஒரு செக்கில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாய், இன்னொரு கடையில் லிட்டர் 380 ரூபாய் என்றால், எவரும் இரண்டாவதையே மலிவென்பார்கள். 380-ஐ 0.916-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிலோ 415 ரூபாய் ஆகிறது. டின்னிலும் அப்படித்தான். 15 கிலோ டின் என்றால் 16.4 லிட்டர், 15 லிட்டர் டின் என்றால் 13.7 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டின்போல இருக்கும், விற்பவரும் “பதினைந்து டின்” என்று மட்டும் சொல்வார். டின்னின் மேல் அச்சாகியிருக்கும் அலகைப் படித்த பிறகே நான் பேரம் பேசுகிறேன். பில்லிலும் அலகை எழுதச் சொல்கிறேன். எழுத மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

கலப்பதை மட்டும் எப்போதும் எடையிலேயே செய்யுங்கள். மார்கழிக் காலையில் கடலூரில்கூடத் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்; உறைந்ததை ஜாடியில் அளக்க முடியாது, தராசில் நிறுக்கலாம். தைலங்களைச் சொட்டுக் கணக்கில் விடுவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சொட்டுக்குழலின் வாயும் தைலத்தின் பிசுபிசுப்பும் மாற, அந்த எண்ணும் மாறிவிடும். லாவெண்டரில் இது பெரிய தீங்கு செய்யாது. தோலில் எரிச்சல் தரக்கூடிய கிராம்புத் தைலத்தை அரை சதவீதத்துக்குமேல் போக வேண்டாம் என்று சொல்கிறார்கள். அங்கே சொட்டை எண்ணிக்கொண்டிருப்பது பொறுப்பில்லாத வேலை. சோப்பு செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோவுக்குப் பதில் ஒரு லிட்டரை ஊற்றினால் உள்ளே இருப்பது 916 கிராம் எண்ணெய். அதற்கு 168 கிராமே போதும். மீதி 15 கிராம் காரம் சோப்பிலேயே தங்கித் தோலை அரிக்கும். என் மாமியார் வைத்திருக்கும் பழைய தைலக் குறிப்பில் எண்ணெய் படி என்ற பழைய முகத்தல் அளவிலும் மூலிகை பலம் என்ற பழைய எடையளவிலும் இருக்கின்றன. பலத்தை 35 கிராம் என்று கொள்ளலாம், படியோ ஊருக்கு ஊர் வேறு. எந்த ஊர்ப் படி என்று தெரியாமல் அதை லிட்டராக்க முயலாதீர்கள்.

அதே விடுதி ஐப்பசியில் மறுபடியும் சரக்குக் கேட்டது. இம்முறை பாதித் தொகையை முன்பணமாக வாங்கினேன். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே மூன்று எண்கள் போட்டிருக்கிறேன்: நிகர அளவு 100 மி.லி., நிகர எடை, காலிப் பாட்டிலின் எடை. மசாஜ் எண்ணெய்க்கு நேரே 92 கிராம். புதிதாகக் கேட்ட, விளக்கெண்ணெய் பாதி சேர்ந்த தலை எண்ணெய்க்கு நேரே 94 கிராம். இரண்டும் ஒரே பாட்டில், ஒரே கோடு. ஏன் இரண்டு எடை என்று ஸ்டோர் இளைஞர் இந்த முறை கேட்கவில்லை, ஆனால் மேலாளர் கேட்டார். அதனால் அந்தப் பில்லுக்குப் பின்புறமே வகுத்தல் கணக்கைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.